கலைக்காமல் விட்ட கிளை

எழுதுவது என் தொழில். கதை, கவிதை அல்ல, கையேடு. ஒரு கருவியை எப்படித் திறப்பது, எதை முதலில் அழுத்துவது, எதை அழுத்தவே கூடாது என்று வரிசையாக எழுதிக் கொடுப்பது. அலுவலகத்தில் 'ஆவணப் பிரிவு' என்று ஒரு பலகை தொங்குகிறது. பலகைக்குக் கீழே ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான். பிரிவு அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்லும் முன் கருவியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் கோபம் வீண் கோபமாகத் தெரியும்.

அறிவு வலை என்று ஒன்று உண்டு. அலுவலகத்தில் நாலெட்ஜ் கிராஃப் என்பார்கள். ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் அதில் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் உள்ள உறவு ஒரு கோடு. இதை விளக்க என் வீட்டையே கையேட்டுக்குள் இழுத்துப் போட்டிருந்தேன். அண்ணன் ஒரு புள்ளி, அண்ணி ஒரு புள்ளி, நடுவில் 'மனைவி' என்று ஒரு கோடு. படத்தை அண்ணியிடம் காட்டினேன்.

"ரெண்டு புள்ளியும் ஒரே சைஸா இருக்கே," என்றாள். "உங்க அண்ணன் பண்ற வேலைக்கும் நான் பண்ற வேலைக்கும் கொஞ்சமாவது வித்தியாசம் காட்ட வேண்டாமா?"

இந்த வலையை மனிதர்கள் நேராகத் தொடுவது குறைவு. ஏஜென்ட்கள்தான் தொடும். ஏஜென்ட் என்றால், ஒரு வேலையைச் சொன்னால் தானே யோசித்து, தானே படிப்படியாகப் பிரித்துச் செய்து முடிக்கும் ஏஐ நிரல். அம்மாவுக்கு இதை விளக்கினேன். "கமிஷன் எவ்வளவு கேக்குது?" என்றாள்.

அந்த ஏஜென்ட்களுக்குக் கிளை போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் கருவி. மூல வலையில் கைவைக்காமல், அதன் நகல் ஒன்றில் 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த நகல்தான் கிளை. பார்த்தது சரியாக இருந்தால் மூலத்தோடு சேர்க்கலாம், இல்லையென்றால் கலைத்துவிடலாம். கையேட்டு உதாரணத்தில், அண்ணனும் அண்ணியும் பிரிந்தால் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும் என்று கிளையில் பார்த்துவிட்டு, கிளையைக் கலைத்து, மூலத்தில் அவர்களை நல்லபடியாகக் குடித்தனம் நடத்த விட்டிருந்தேன்.

"மறக்காம கலைச்சியா?" என்று அண்ணி கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

மறந்தால் என்ன ஆகும் என்பதில்தான் வம்பே இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால், கலைக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை என்றால் கிளை அப்படியே ஓரமாகக் கிடக்க வேண்டும். எங்கள் கருவி அப்படி விடாது. ஏஜென்ட் வெளியேறியதும், திறந்து கிடக்கும் கிளையை அதுவே மூலத்தோடு சேர்த்துவிடும். 'எங்கள் கருவியில் செய்த வேலை ஒருநாளும் வீணாகாது' என்று மேலாளர் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வாக்கைக் காப்பாற்ற நிரலை அப்படி வளைத்தார்கள்.

மேலாளருக்கு அலுவலகம் வைத்திருக்கும் பெயர் சுருக்கம். எதைச் சொன்னாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். நிரலை எழுதியவனுக்குப் பெயர் ஹெட்போன். காதில் அதை மாட்டிக்கொண்டுதான் வருவான். கழற்றினால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

நான் கையேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதினேன். அதை அப்படியே தருகிறேன். 'சோதனைக்காகக் கிளையில் எதையாவது நீக்கியிருந்தால், வெளியேறும் முன் கிளையைக் கலைக்கவும். கலைக்காமல் வெளியேறினால், நீக்கியது மூலத்திலும் நீங்கிவிடும்.' அலங்காரம் இல்லாத இரண்டு வாக்கியங்கள்.

மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் வேறொன்று இருந்தது. 'கிளையைப் பற்றிக் கவலை வேண்டாம். அப்படியே விட்டுவிட்டு வெளியேறலாம். உங்கள் வேலை எதுவும் வீணாகாது.'

பக்கத்தின் அடியில் 'பொறுப்பு' என்று போட்டு என் பெயர். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளும் நான்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஆள் பொறுப்பேற்க வேண்டும், தவறு இருந்தால் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும் என்று சொல்லி வைத்த வழக்கம்.

நேராகச் சுருக்கத்தின் அறைக்குப் போனேன்.

"ஆமாம்மா, நான்தான் மாத்தினேன்," என்றார். ஒளிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "நீங்க எழுதினது மருந்து பாட்டில்ல போடுற எச்சரிக்கை மாதிரி இருந்துச்சு. வாங்க வர்றவங்க பயந்துடுவாங்க."

"சார், நீங்க எழுதினது உண்மைக்கு நேர் எதிரா இருக்கு."

"எதிரா எங்க இருக்கு? வேலை வீணாகாதுதானே? சேர்ந்துடும்தானே?"

"சேரக் கூடாததும் சேர்ந்துடுமே சார். அதானே பிரச்சினை."

"அட விடுங்க. கையேட்டையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

அவர் சொன்னதில் பாதி சரி. மனிதர்கள் கையேடு படிப்பதில்லை. புதுச் சலவை இயந்திரம் வந்தால் என் அண்ணன் கையேட்டை மடித்து ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுப்பான். எழுதிப் பிழைக்கிற தங்கச்சி எதிரே உட்கார்ந்திருக்கும்போதே கொடுப்பான். அதற்கெல்லாம் நான் பழகிவிட்டேன். ஆனால் ஏஜென்ட்கள் படிக்கும். வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு நாளும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கும். படித்ததை நம்பும். சொன்னபடி செய்யும். என் வாழ்நாளில் எனக்கு வாய்த்த ஒரே உண்மையான வாசகர் கூட்டம் அது. அதனிடம் போய் என் பெயரில் பொய் சொல்லியிருந்தார்கள்.

சொன்னேன். "சுருக்கமா சொல்லுங்க," என்றார். "பொய்," என்றேன். அதைவிடச் சுருக்க முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

இப்போது அண்ணியின் வேலையைச் சொல்ல வேண்டும். வீடுகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் அனுப்பும் நிறுவனத்தில் அவள் தொலைபேசி மேசையில் இருக்கிறாள். எந்த வீட்டில் எந்த நோயாளி, எத்தனை சிலிண்டர், எந்த வண்டி, எந்த வழி என்று எல்லாம் அங்கே ஒரு வலையில் இருக்கிறது. எங்கள் கருவியை முதலில் வாங்கியவர்கள் அவர்கள்தான். காலையில் ஒரு ஏஜென்ட் கையேட்டைப் படித்துவிட்டு வண்டிகளுக்கு வழி போடும்; அண்ணி அதைப் பார்த்து ஓட்டுநர்களுக்குச் சொல்வாள்.

ஒரு வண்டி பட்டறைக்குப் போனது. மீதி வண்டியை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று ஏஜென்ட்டைக் கேட்டார்கள். அது ஒரு கிளை போட்டது. வழியின் கடைசியில், தனியாக மேட்டில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துவிட்டால் வண்டி எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று பார்த்தது. பார்ப்பதற்காக மட்டும் எடுத்தது; தப்பே இல்லை, கிளை இருப்பதே அதற்குத்தான். 'அந்த வீட்டை விட முடியாது, வண்டி இரண்டாம் முறை போகட்டும்' என்று சரியான பதிலைச் சொல்லிவிட்டு, கையேடு சொன்னபடி கிளையைப் பற்றிக் கவலைப்படாமல் வெளியேறியது.

கடைசி வீட்டில் இருப்பவர் ஒரு தையல்காரர். பஞ்சுத்தூசு நுரையீரலில் சேர்ந்து, இப்போது சிலிண்டர் இல்லாமல் மூச்சு ஓடாது. மறுநாள் காலை அவர் மனைவி அண்ணியை அழைத்தார். இருவருக்கும் தொலைபேசியிலேயே நல்ல பழக்கம்.

"ஏம்மா, வண்டி எங்க வந்துட்டிருக்கு?"

அண்ணி திரையில் தேடினாள். 'இப்படி ஒருவர் இல்லை' என்று வந்தது. எழுத்தை மாற்றித் தேடினாள், முகவரியை வைத்துத் தேடினாள். இல்லை.

"அக்கா, கொஞ்சம் இருங்க. உங்க வீட்டுக்காரர் பேர்ல யாரும் இல்லைங்குதே."

"இல்லையா?" என்றாராம் அந்த அம்மாள். "இதோ கட்டில்ல உக்காந்துட்டு என்னை முறைக்கிறாரே. அவருகிட்டயே கொடுக்கட்டுமா, இருக்காரா இல்லையான்னு கேட்டுக்கிறியா?"

அண்ணி ஓட்டுநரைப் பாதி வழியில் நிறுத்தி, வேறொரு வீட்டுக்கு உபரியாகப் போய்க்கொண்டிருந்த சிலிண்டரைத் தையல்காரர் வீட்டுக்குத் திருப்பிவிட்டாள். அங்கே அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டர் தீர்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. தையல்காரரை வலையில் திரும்பச் சேர்த்தாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். பட்டறையிலிருந்து வண்டி வராததால் ஏஜென்ட் அடுத்த காலையும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தது. தையல்காரர் மறுபடியும் காணாமல் போனார்.

அன்று மாலை அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"ஏம்மா, எங்களைக் கிளையில பிரிச்சுப் பாத்துட்டு மறக்காம கலைச்சேன்னு சொன்னியே. அந்த மனுஷனை மட்டும் ஏன் கலைக்காம விட்டீங்க?"

உள்ளே வரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அந்த வரியை எழுதினவன் வேற ஆளு, பேரு மட்டும் உன்னுதா?"

"ஆமா அண்ணி."

"நல்ல ஆபீஸ். எங்க வீட்டுல உங்க அண்ணன் சம்பாதிக்கிறதா ஊர் சொல்லுமே, அந்த மாதிரி." சிரிக்கவில்லை. "இங்க பாரு. தினமும் காலைல நான் அவரைத் தேடித் தேடித் திரும்பச் சேத்துட்டிருக்கேன். நாளான்னிக்கு நான் இல்ல. கண் டாக்டர்கிட்ட போகணும், சொட்டு மருந்து விட்டா அன்னிக்குப் பூரா எதுவும் தெரியாது. என் இடத்துல உக்காரப் போற பொண்ணு புதுசு. திரையில இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லும்."

"நாளைக்கே மாத்த வெக்கிறேன் அண்ணி."

"மாத்து. இல்லைன்னா கண்ணு தெரியாட்டியும் பரவாயில்லைன்னு நான் போய் உக்காந்துக்கறேன்."

மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே சுருக்கம் என்னைக் கூப்பிட்டார். ஹெட்போனும் இருந்தான். சிலிண்டர் நிறுவனத்திலிருந்து புகார் வந்திருந்தது. அதற்குப் பதிலும் தயாராக இருந்தது. சுருக்கம் எழுதியது, ஆகவே சிறியது. 'ஆவணப் பிரிவின் கவனக்குறைவால் கையேட்டில் ஏற்பட்ட பிழையே இதற்குக் காரணம். உரியவருக்கு அறிவுரை கூறப்பட்டுள்ளது.' நான் ஒப்புதல் கொடுத்தால் அனுப்பிவிடுவார்களாம்.

மூன்று முறை படித்தேன். என் எழுத்தையே நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

"உரியவர் யாரு சார்?"

"நீங்கதாம்மா. சும்மா ஒரு பேச்சுக்கு. யாரும் உங்களுக்கு அறிவுரையெல்லாம் சொல்லப் போறதில்ல."

"அந்த வரியை நான் எழுதலயே."

"எனக்குத் தெரியாதா? இவனுக்குத் தெரியாதா?" என்று ஹெட்போனைக் காட்டினார். "நமக்குள்ள எல்லாருக்கும் தெரியும். வெளியில சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும். நிரல்ல தப்புன்னு சொன்னா கம்பெனி பேரு கெடும். கையேட்டுல தப்புன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. பேரு ஒண்ணுதானே, பெருசா எடுத்துக்காதீங்க."

எனக்குக் காதோரம் சூடேறியது. இவர் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. உண்மை எல்லோருக்கும் தெரியும் என்பதையே ஆறுதலாகச் சொன்னார் பாருங்கள், அதுதான்.

"பேரு இருக்கட்டும் சார். நாளைக்குக் காலைல அந்த ஆளு மறுபடியும் காணாம போவாரு. அதுக்கு என்ன வழி?"

ஹெட்போன் காதிலிருந்ததைக் கழற்றினான். "கிளையை அதுவா சேக்கறதை நிறுத்திடலாம் சார். சின்ன வேலை. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுவேன். நான் அப்பவே சொன்னேன்..."

"நாளைக்குப் பெரிய பார்ட்டி டெமோ பாக்க வருது. இன்னிக்கு நிரல்ல யாரும் கைவைக்கக் கூடாது. அது முடியட்டும், அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அப்ப என்னோட எச்சரிக்கையையாவது திரும்பப் போடறேன்," என்றேன்.

"அதே பக்கத்தைத்தாம்மா அவங்களுக்குக் காட்டப் போறேன். 'நீங்கிவிடும், கீங்கிவிடும்'னு பாத்தா எழுந்து போயிடுவாங்க. டெமோ முடியட்டும்."

"டெமோ முடியறவரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு இருங்கன்னு தையல்காரர்கிட்ட யார் சார் சொல்றது? நீங்களா, நானா?"

ஹெட்போன் கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டான். சுருக்கம் கணினியைப் பார்த்தார். "ஒப்புதல் கொடுத்துடுங்க," என்றார்.

"கொடுக்க மாட்டேன் சார். அப்புறம், எச்சரிக்கையைப் போடப் போறேன். உங்ககிட்ட சொல்லிட்டே போடறேன்."

"டெமோ முடியட்டும்னு சொல்லிட்டேன்," என்றார். நான் எழுந்துவிட்டேன்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, அவருடைய வாக்கியங்களை எடுத்துவிட்டு, என்னுடைய இரண்டையும் போட்டேன். பழைய இடத்தில் அல்ல, பக்கத்தின் தலையில். நிரலில் கைவைக்கக் கூடாது என்றார்; நான் வைக்கவில்லை. கருவியின் புத்தியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் புத்தி சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

மறுநாள் காலை அண்ணி மருத்துவமனையிலிருந்து அழைத்தாள்.

"கண்ணுல விட்டுட்டாங்க. எல்லாம் மசமசன்னு இருக்கு. நர்ஸ்தான் நம்பரைப் போட்டுக் கொடுத்துச்சு. உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"எனக்கு உங்க வலை தெரியாது அண்ணி. கையேட்டுல போட்டுட்டேன், அது மட்டும்தான் தெரியும்."

"சரி, வை. அந்தக் கடைசி வீட்டு அக்கா நம்பர் எனக்கு மனப்பாடம்."

வைத்துவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய பார்ட்டி வந்து உட்கார்ந்திருந்தது. ஓர் அம்மாள், கூட இருவர். சுவர்த்திரையில் ஏஜென்ட் ஒரு கிடங்கு வலையில் கிளை போட்டு வேலை பார்த்தது. ஒவ்வொரு படியையும் எழுத்தில் காட்டிக்கொண்டே போனது. எல்லாம் அழகாக நடந்தது. கடைசியில் எழுதியது: 'கையேட்டின் முதல் வரியின்படி, வெளியேறும் முன் கிளையைக் கலைக்கிறேன்.'

"கலைக்கலைன்னா என்ன ஆகும்?" என்று அந்த அம்மாள் கேட்டது எனக்கே கேட்டது.

சுருக்கம் ஏதோ சொன்னார். சுருக்கமாகச் சொல்லவில்லை; வெகுநேரம் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள், குறித்துக்கொண்டார்கள், கைகுலுக்கினார்கள், போனார்கள். வாங்குவார்களா மாட்டார்களா என்று அவர்கள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அண்ணியிடமிருந்து இன்னும் அழைப்பு இல்லை. கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்துவைத்தேன், திருப்பிவைத்தேன். அப்போதுதான் சுருக்கம் என் மேசைக்கு வந்தார். பிரிவு ஒரே ஆள் என்பதால் உட்காரச் சொல்ல இன்னொரு நாற்காலி இல்லை. நின்றார்.

"அதை எடுங்க," என்றார்.

"எதை சார்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. முதல் வரியை. இப்பவே எடுங்க. இல்லைன்னா இந்த வேலைக்கு வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்."

பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியைத் தொடவில்லை. அடிவரை இறங்கி, 'பொறுப்பு' என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு போட்டேன். எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"உக்காருங்க சார். நீங்களே எடுங்க."

"என் பேரை ஏன் போட்டிருக்கீங்க?"

"எடுக்கப் போறது நீங்கதானே. யாரு படிக்கப் போறாங்கன்னு கேட்டீங்களே. நாளைக்குக் காலைல அந்த ஏஜென்ட் படிக்கும். வரி இல்லைன்னா தையல்காரரைக் கிளையில எடுக்கும், கலைக்காம போகும், அவரு மூலத்துலயும் போயிடுவாரு. போனா, கேக்க வர்றவங்க பக்கத்தோட அடியில பாப்பாங்க. என்னை வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க. அது வேற விஷயம். இதை மட்டும் உங்க கையால பண்ணுங்க."

அவர் உட்கார்ந்தார். விசைப்பலகையில் கைவைத்தார். முதல் வரிக்குப் போனார். அதைப் படித்தார் என்று நினைக்கிறேன்; எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அன்றுதான் அதை முழுதாகப் படித்திருப்பார். பிறகு அடிவரிக்கு வந்து தன் பெயரைப் பார்த்தார். அங்கிருந்து திரும்ப மேலே.

கைப்பேசி அதிர்ந்தது. அண்ணி. எடுத்தேன். அவள் குரல் எப்போதுமே ஸ்பீக்கர் போட்டது போலத்தான் இருக்கும்.

"அந்த அக்காகிட்ட பேசிட்டேன். வண்டி வந்துடுச்சாம். புதுப் பொண்ணு கேக்காமலே அனுப்பியிருக்கு, திரையில இருந்தாராம். 'இன்னிக்கு என் வீட்டுக்காரர் இருக்காரா'ன்னு அந்தம்மா என்னையே கிண்டல் பண்ணுது. கேக்குதா?"

"கேக்குது அண்ணி."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? பக்கத்துல யாரு, உன் பேர்ல எழுதற ஆளா?"

சுருக்கத்துக்கும் கேட்டது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இப்போதைக்கு இருக்கட்டும்," என்றார். இரண்டு அடி போய்த் திரும்பினார். "என் பேரை எடுத்துடுங்க."

"பேரு ஒண்ணுதானே சார்," என்றேன்.

என்னை அனுப்பவில்லை. நான் ஒப்புதல் கொடுக்காத அந்தப் பதிலும் போகவில்லை. வேறொரு பதில் போனதாகக் கேள்வி. அதில் 'உரியவர்' இல்லையாம், யாருமே இல்லையாம். நிரலை இன்னும் மாற்றவில்லை. ஹெட்போன் ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் காதிலிருந்து கழற்றிக் கேட்கிறான், மாட்டிக்கொள்கிறான். அந்த மனிதரின் மூச்சு இன்னமும் இரண்டு வாக்கியத்தில்தான் தொங்குகிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

பக்கத்தின் அடியில் அவர் பெயரை நான் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவரும் திரும்ப வரவில்லை. வந்தால் மேலே உள்ளதையும் பேச வேண்டியிருக்கும். ஏஜென்ட் தினமும் காலையில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறது. படித்துவிட்டு, கிளையைக் கலைக்கிறது.